பாரடைஸ் லாஸ்டின் ‘கோதிக்’: முதன்முறை கேட்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

1991இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஒரு மெட்டல் (கனத்த, இரைச்சலான கிட்டார் ராக்) ஆல்பத்தைப் பற்றிக் கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டுப் பக்கத்து நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பாதிப்பேர் முதல் பாட்டு முடிவதற்குள் நிறுத்திவிட்டு வந்து கேட்டவர்கள். அதனால் கேள்விகளைக் கேட்ட வாக்கிலேயே விட்டுவிட்டேன்.

இது என்ன ஆல்பம்? யாரு இவங்க?

குழுவின் பெயர் பாரடைஸ் லாஸ்ட். 1988இல் வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், ஹாலிஃபாக்ஸ் என்ற மில் ஊரில் தொடங்கியது. ஐந்து பேர்: குரல் நிக் ஹோம்ஸ், லீட் கிட்டார் கிரெகர் மெக்கின்டாஷ், ரிதம் கிட்டார் ஏரன் ஏடி, பாஸ் ஸ்டீவ் எட்மண்ட்சன், டிரம்ஸ் மேத்யூ ஆர்ச்சர். ‘கோதிக்’ இவர்களின் இரண்டாவது ஆல்பம், டெத்-டூம் என்ற வகை. 1990-91 குளிர்காலத்தில் டியூஸ்பரி என்ற பக்கத்து ஊரில் இருந்த அகாடமி ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். பீஸ்வில் என்ற சிறிய நிறுவனம் வெளியிட்டது. பத்துப் பாடல்கள், ஏறத்தாழ 40 நிமிடம். அப்போது ஹோம்ஸுக்கும் மெக்கின்டாஷுக்கும் வயது இருபதை ஒட்டித்தான்.

டெத்-டூம்னா என்னங்க?

இரண்டு தனித்தனி வழிகள் சேர்ந்தது. டெத் மெட்டல் 80களில் அமெரிக்காவில் உருவெடுத்தது: அடிவயிற்றிலிருந்து வரும் உறுமல் குரல், இறுக்கமான கிட்டார், பெரும்பாலும் தலைதெறிக்கிற வேகம். டூம் அதற்கு நேர் எதிர். மெதுவாக நகரும், கனமாக இருக்கும்.

டூமின் வேர் பர்மிங்ஹாம் நகரத்து பிளாக் சப்பாத் குழுவில் இருக்கிறது. அவர்களுடைய முதல் ஆல்பம் 1970 பிப்ரவரியில் வந்தது. கிட்டார் வாசித்த டோனி ஐயோமி அதற்கு முன்பு தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பதினேழு வயதில், வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், இயந்திரத்தில் மாட்டி வலது கையின் இரண்டு விரல்நுனிகள் போய்விட்டன. இடது கைப் பழக்கக்காரர் என்பதால், தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். தந்தி இறுக்கமாக இருந்தால் வலிக்கும் என்று மெல்லிய தந்தி போட்டார். பிறகு அதையும் தளர்த்தி, ஸ்ருதியை இறக்கி வாசித்தார். ஸ்ருதி இறங்க இறங்க சத்தம் கனத்தது. கணபதி, பீளமேடு பக்கம் பவர் பிரஸ் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கதையை நான் விளக்க வேண்டியதில்லை. விரல் போன ஒருவராவது இல்லாத பட்டறைத் தெரு அங்கே எது?

இந்த இரண்டையும் கலந்து, டெத் மெட்டலின் குரலை டூமின் வேகத்தில் போட்டால் டெத்-டூம். அதை முதலில் செய்தது இவர்கள் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். நியூயார்க்கின் வின்டர் குழு 1990லேயே இந்த வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் வின்டரில் அழகு என்று ஒன்று கிடையாது, வெறும் பாரம்தான். பாரத்தோடு அழகையும் சேர்த்தது ‘கோதிக்’.

அப்போ கோதிக் மெட்டல் வேறயா?

இந்த ஆல்பத்திலிருந்து கிளைத்தது என்று சொல்லலாம். ஹாலிஃபாக்ஸுக்குப் பக்கத்து நகரம் லீட்ஸ். 80களில் அங்கிருந்து சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி போன்ற கோத் ராக் குழுக்கள் வந்தன. கறுப்பு உடை, ஆழமான குரல், எதிரொலிக்கும் கிட்டார், இடையில் கோரஸ் பாடும் பெண் குரல்கள். மெக்கின்டாஷ் அந்தப் பாட்டுகளையும் கேட்டு வளர்ந்தவர். அதே சமயம் சுவிட்சர்லாந்தின் செல்டிக் ஃபிராஸ்ட் குழு 1987இல் மெட்டலுக்குள் ஆர்கெஸ்ட்ராவையும் பெண் குரலையும் கொண்டுவந்திருந்தது. இந்த வாசனையெல்லாம் டெத்-டூமுக்குள் வந்து சேர்ந்ததுதான் ‘கோதிக்’. ஒரு வகைக்கே ஆல்பத்தின் பெயர் நிலைத்துவிட்டது. பின்னால் வந்த நூற்றுக்கணக்கான குழுக்கள் இங்கிருந்துதான் கடன் வாங்கின. சிலர் வட்டியோடு திருப்பித் தந்தார்கள். பலர் தரவில்லை.

ஏனுங்க, அவரு பாடறாரா கத்தறாரா? ஒரு வார்த்தையும் புரியலீங்களே?

புரியாது. எனக்கும் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோதுதான் புரிந்தது. ஆங்கிலேயர்களுக்கே அப்படித்தான்.

இந்த உறுமலை வார்த்தை சொல்லும் குரலாக எதிர்பார்த்தால் எரிச்சல்தான் வரும். அது தாளத்தோடு சேர்ந்த வாத்தியம். வரிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன, எந்த அசை டிரம்மின் அடியோடு விழுகிறது, மூச்சு எங்கே எடுக்கிறார் என்று கவனியுங்கள். நாம் பம்பையைக் கேட்கும்போது அது என்ன சொல்கிறது என்று கேட்பதில்லையே. ஹோம்ஸின் உறுமல் இந்த ஆல்பத்தில் கோபமாக இல்லை என்பதையும் பாருங்கள். கோபத்துக்கு வேகம் வேண்டும். இங்கே அவர் வார்த்தைகளை இழுக்கிறார்.

பின்ன எதைத்தான் கேக்கறது?

லீட் கிட்டாரை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படித்தால் போதும்.

ரிதம் கிட்டார் வாசிப்பது பெரும்பாலும் பவர் கார்டு. அதில் இரண்டே சுரங்கள்: சட்ஜமும் பஞ்சமமும். நம் தம்புராவிலும் சுருதிப்பெட்டியிலும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் அதே ச-ப. அதில் காந்தாரம் இல்லை. காந்தாரம்தான் ஒரு இசை வெளிச்சமா இருட்டா என்று முடிவு செய்வது. மேற்கத்திய இசையில் மேஜர், மைனர் என்று பிரிப்பது அந்த ஒற்றைச் சுரத்தை வைத்துத்தான்: அந்தர காந்தாரம் வந்தால் மேஜர், சாதாரண காந்தாரம் வந்தால் மைனர். மெட்டல்காரர்கள் காந்தாரத்தை விட்டுவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை அதிகமாக வைத்தால் ஒவ்வொரு சுரத்தோடும் ஏகப்பட்ட மேற்சுரங்கள் கிளம்பும். ச-ப சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும். நடுவில் காந்தாரத்தையும் நுழைத்தால் மோதிக்கொண்டு சகதியாகிவிடும்.

ஆக, ஏரன் ஏடியின் கிட்டாரும் பாஸும் சேர்ந்து கீழே கனமான ஆதார சுருதியைப் போட்டுத் தருகின்றன. அதற்கென்று தனியாகத் துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. அதன்மேல் மெக்கின்டாஷ் ஒற்றைத் தந்தியில் ஒரு மெட்டைப் போட்டு, ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து, நடுக்கி, அடுத்ததற்குப் போகிறார். எந்த மாதிரியான துக்கம் என்பதைச் சொல்வது அந்த மெட்டு. பாடகர் உறுமிக்கொண்டிருக்க, உண்மையில் பாடுவது கிட்டார்.

அதற்கு முன்பு மெட்டலில் லீட் என்றால் பாட்டின் நடுவில் அரை நிமிடம் விரல் வித்தை காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது. மெக்கின்டாஷ் பாட்டு நெடுக விடாமல் கூடவே வருகிறார். வித்தை எதுவும் இல்லை. ஒரு வருடம் கிட்டார் படித்த பையன்கூட அந்தச் சுரங்களை வாசித்துவிடலாம். அந்த நடுக்கம்தான் வராது.

ராகம் தெரிஞ்சிருந்தா உதவுமா?

கொஞ்சம். மேற்கத்திய இயல்பு மைனர் ஸ்கேல் நம் நடபைரவி. ஹார்மோனிக் மைனர் நம் கீரவாணி. இந்த வகை இசையின் மெட்டுகள் பெரும்பாலும் இந்த இரண்டின் சுரங்களுக்குள்தான் சுற்றும். தமிழ் சினிமாப் பாட்டுக் கேட்டு வளர்ந்த காதுக்கு இரண்டுமே பழகிய இடம். உறுமலைத் தாண்டிவிட்டால் மெட்டு அந்நியமாகத் தெரியாது. கமகத்தை மட்டும் தேடாதீர்கள்.

முதல் பாட்டைக் கொஞ்சம் கூட இருந்து கேட்டுக் காட்டுங்களேன்?

முதல் பாட்டுதான் ஆல்பத்தின் பெயர்ப் பாட்டு. ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

சுற்றி வளைப்பதில்லை. மெதுவான, கனத்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு), அதன்மேல் லீட், பின்னால் ஆர்கெஸ்ட்ரா. முதல்முறை கேட்பவர்கள் இங்கே எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதுகிறது என்பார்கள். ஒரு காரியம் செய்யுங்கள். முதல் தடவை டிரம்ஸை மட்டும் கேளுங்கள். எவ்வளவு இடைவெளி விட்டு அடிக்கிறார் என்று பாருங்கள். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் சத்தம் தேய்ந்து இறங்குவதற்கு இடம் விடுகிறார். அந்த இடத்தில்தான் கனம் இருக்கிறது. சத்தத்தை ஏற்றி வைப்பதால் வருவதில்லை.

இரண்டாம் தடவை லீடை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்வது தெரியும். கீழே ரிஃப் மாறும்போது அதே வாக்கியம் வேறு பொருளில் கேட்கும்.

மூன்றாம் தடவை பெண் குரல். பாடியவர் சாரா மேரியன். அவர் குரல் முன்னால் வந்து நிற்பதில்லை. கிட்டார் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்பதுபோல் ஒலிக்கிறது. ஹோம்ஸின் உறுமலும் இந்தக் குரலும் மாறி மாறி வரும் இடத்தில் என் உடம்பு இன்னும் சிலிர்க்கும். இதற்கு ‘அழகியும் அரக்கனும்’ என்று பின்னாளில் பேர் வைத்து, அதையே சூத்திரமாக்கி, ஆல்பம் ஆல்பமாகத் தள்ளினார்கள். இங்கே அது சூத்திரம் ஆகவில்லை. ஆல்பத்தில் அவர் வருவதே சில இடங்களில்தான். அளந்து போட்ட உப்பு.

மத்த பாட்டெல்லாம்?

‘எடர்னல்’ கட்டாயம். நாலு நிமிடத்துக்குள் மேலே சொன்ன அத்தனையும் இருக்கிறது: லீட், ஆர்கெஸ்ட்ரா, பெண் குரல், கனம். ஒரே ஒரு பாட்டுக் கேட்டுப் பார்க்கிறேன் என்பவர்களுக்கு நான் இதைத்தான் தருவேன், முதல் பாட்டைக்கூட இல்லை. ‘ஷாட்டர்ட்’ கொஞ்சம் நடை கூடியது, லீட்ஸ் கோத் வாடை அதிகம். ‘ராப்ச்சர்’ நெஞ்சில் ஏறி உட்காரும். ‘டெட் எமோஷன்’ இரண்டாவதாக வருவதால் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். திரும்பிப் போய்க் கேளுங்கள். கடைசி ‘டெசலேட்’ இரண்டு நிமிடம்கூட வராத வாத்திய இசை. உறுமலும் கிட்டார் மதிலும் போய்விட, ஆர்கெஸ்ட்ரா மட்டும் மிஞ்சும். அதைத் தனியாக எடுத்துக் கேட்டால் ஒன்றுமே இல்லை. ஒன்பது பாட்டைக் கேட்டுவிட்டு வந்தால்தான் அதற்கு அர்த்தம்.

அதனால்தான் ஷஃபிளில் போடாதீர்கள் என்கிறேன். 40 நிமிடம்தான். காந்திபுரத்தில் ஏறி அவிநாசி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும், சிக்னல்கள் ஒத்துழைத்தாலும்.

போன் ஸ்பீக்கர்ல கேட்டா போதாதா?

போதாது. கிட்டாரின் தடித்த தந்தி, ஸ்ருதி இறக்காமலே, 82 ஹெர்ட்ஸ். பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். இறக்கினால் இன்னும் கீழே. போனின் சின்ன ஸ்பீக்கர் இந்த அதிர்வெண்களைத் தொடவே தொடாது. நீங்கள் கேட்பது மேலே மிதக்கும் கரகரப்பை மட்டும். ஆதார சுருதியே இல்லாத கச்சேரிக்குப் போய்விட்டு நன்றாக இல்லை என்று சொல்லக் கூடாதல்லவா.

காதை மூடும் ஹெட்போன் ஏதாவது இருந்தால் சரி, விலை முக்கியமில்லை. கார் ஸ்பீக்கரும் நல்லது. பாஸ் பூஸ்ட் மட்டும் வேண்டாம். 1991 ஆண்டுப் பதிவு அதைத் தாங்காது, எல்லாம் கலங்கிவிடும்.

இங்கிலாந்துக்காரங்க சோகம் நமக்கு எதுக்குங்க?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

ஹாலிஃபாக்ஸ் கம்பளம் நெய்த ஊர். அங்கே டீன் கிளாஃப் என்ற மில் வளாகம் ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய கம்பளத் தொழிற்சாலைகளில் ஒன்று. 1980களின் தொடக்கத்தில் மூடினார்கள். 1984-85இல் யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு வருடம் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். பள்ளிக்கூடத்தில் இருந்த இந்தப் பையன்கள் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆல்பம் பதிவான டியூஸ்பரியும் மில் ஊர்தான், அதுவும் ஒரு விசேஷத் தொழிலுக்குப் பேர்போனது: கந்தல் கம்பளித் துணியை நார்நாராகக் கிழித்து மறுபடியும் நூலாக்குவது. திருப்பூர் கட்டிங் வேஸ்ட்டை எடைக்கு வாங்கிப்போய் நூலாக்கும் ஓ.இ. மில்காரர்களிடம் இதைச் சொன்னபோது, ‘அட, நம்மாளுக’ என்றார் ஒருவர்.

நம் பக்கத்துக் கதை உங்களுக்கே தெரியும். 1888இல் ஸ்டேன்ஸ் மில். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபிறகு வரிசையாக மில்கள். மில் சங்கு ஊதுவதை வைத்து உலை வைத்த ஊர் இது. இப்போது சிங்காநல்லூர்ப் பக்கம் போனால் பூட்டிய கேட்டும் உள்ளே காடாய் வளர்ந்த மரமும்தான். கம்பளம் என்றால் நமக்குப் பவானி ஜமுக்காளம். அந்தக் கைத்தறிகள் எத்தனை மிச்சம் என்று பவானிக்காரர்களைக் கேளுங்கள்.

ஆல்பத்தில் மில்லைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. பாட்டெல்லாம் மரணம், நம்பிக்கை போவது, தனிமை என்றுதான் இருக்கும். ஆனால் வேலை நின்றுபோன ஊரின் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவருக்கு, இந்த மெதுவான இசை எங்கிருந்து வந்தது என்று புரியாமல் போகாது. சோமனூரில் தறி ஓட்டும் நண்பர் ஒருவர் இந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டுப் பேசியது டிரம்ஸைப் பற்றித்தான். ‘கரண்ட் போறப்ப தறி ஒவ்வொண்ணா நிக்குமே, அப்படி அடிக்கறான்’ என்றார். நான் படித்த எந்த விமர்சனத்திலும் இவ்வளவு சரியான ஒரு வாக்கியம் இல்லை.

துக்கத்தை உட்கார்ந்து கேட்பதும் நமக்குப் புதுசில்லை. அண்ணன்மார் கதையை உடுக்கையடித்து இரவு இரவாகப் பாடும் ஊர்கள் கொங்கில் இன்னும் இருக்கின்றன. பொன்னரும் சங்கரும் மாண்டபின் தங்கை அருக்காணி அழும் கட்டத்துக்குத்தான் கூட்டம் விழித்துக்கொண்டு காத்திருக்கும். கதை தெரியும், முடிவு தெரியும், இருந்தாலும் அழுவார்கள். பாடுகிறவர் அங்கே வேகத்தைக் கூட்டமாட்டார். விடிந்ததும் எல்லாரும் டீ குடித்துவிட்டு வேலைக்குப் போவார்கள்.

சாத்தான், அது இதுன்னு ஏதாவது இருக்குமா? வீட்டுல கேக்கறாங்க.

இல்லை. குழுவின் பெயர் 17ஆம் நூற்றாண்டுக் கவிஞர் மில்டனின் காவியத்திலிருந்து வந்தது. பாடல்களில் திருச்சபையின் மேலும் மதத்தின் மேலும் அவநம்பிக்கை உண்டு. சித்தர் பாடல் படித்த ஊர்க்காரர்களுக்கு அதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.

இந்த மாதிரி இருட்டுப் பாட்டுக் கேட்டா மனசு கெட்டுப்போகாதா?

எனக்கு நேர்மாறு. எழவு வீட்டுக்குப் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தவர்கள் லேசாகித்தான் வருகிறார்கள். ஆனால் எல்லாருக்கும் எல்லா நேரத்துக்கும் ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். தூக்கம் இல்லாமல், யாரிடமும் பேசாமல், மனம் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் நாட்களில் இதைப் போட்டுக்கொண்டு தனியாக உட்காராதீர்கள். அந்த நேரத்தில் தேவை ஒரு மனுசர். யாரும் இல்லையென்றால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழில் பேசலாம், காசு இல்லை.

மெக்கின்டாஷின் அப்பா 2009இல் இறந்தார். அந்தத் துக்கத்தில் அவர் வாலன்ஃபயர் என்று தனியாக ஒரு குழுவே தொடங்கி, பழைய டெத் மெட்டல் பாணிக்குத் திரும்பி வாசித்தார். இந்த இசையைச் செய்கிறவர்களுக்கும் இது பிழைப்புக்கான வேஷம் இல்லை.

குறையே இல்லையா?

இருக்கிறது. பதிவில் காசு இல்லாதது தெரியும். டிரம்ஸ் சத்தம் சில இடங்களில் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் இருக்கும். ஆர்கெஸ்ட்ரா என்று நான் மரியாதையாகச் சொல்லிக்கொண்டு வந்தது, காதுக்கு அந்தக் காலத்து கீபோர்டு வாசனைதான் அடிக்கிறது. ஆல்பத்தின் பின்பாதி கொஞ்சம் தொய்யும். ‘ஏஞ்சல் டியர்ஸ்’, ‘சைலன்ட்’ இரண்டும் அடுத்தடுத்து வரும்போது நான் சில நாள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவேன்.

ஆர்கெஸ்ட்ராவைப் பற்றி ஒன்று. 2014இல் பல்கேரியாவின் ப்ளோவ்டிவ் நகரத்தில், ரோமானியர் காலத்துத் திறந்தவெளி அரங்கில், உண்மையான ஆர்கெஸ்ட்ராவோடும் கோரஸோடும் இவர்கள் வாசித்தார்கள். ‘சிம்பனி ஃபார் த லாஸ்ட்’ என்ற பேரில் அடுத்த வருடம் வெளிவந்தது. அதில் ‘கோதிக்’ பாட்டும் இருக்கிறது. இருபது வயதில் கீபோர்டில் கற்பனை செய்ததை நாற்பது தாண்டி நிஜத்தில் கேட்டிருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்கள். எனக்கு என்னவோ பழையதுதான் பிடிக்கிறது. புதியதில் எல்லாம் பளிச்சென்று கேட்கிறது, அந்த மதில் இல்லை.

அப்புறம் இந்தக் குழு என்ன ஆச்சு?

இன்னும் இருக்கிறார்கள். டிரம்ஸ் ஆட்கள் பலமுறை மாறினார்கள், மற்ற நான்கு பேரும் அதே ஆட்கள். மெட்டல் உலகத்தில் இது பெரிய விஷயம். 1992க்குப் பிறகு ஹோம்ஸ் உறுமலைக் குறைத்துக்கொண்டே வந்தார். 1993இல் ‘ஐகான்’, 1995இல் ‘டிராகோனியன் டைம்ஸ்’ என்று பெரிய பேர் வாங்கினார்கள். 1999இல் ‘ஹோஸ்ட்’ என்று ஒரு எலக்ட்ரானிக் ஆல்பம் போட்டு ரசிகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். (எனக்கு அது பிடிக்கும். சண்டைக்கு வரவேண்டாம்.) பிறகு படிப்படியாகக் கனம் திரும்பியது. 2015இல் ‘த பிளேக் விதின்’ ஆல்பத்தில் உறுமலும் திரும்பி வந்தது.

கிட்டார்ல வாசிச்சுப் பாக்கணும். எங்க தொடங்கறது?

ரிதமில் தொடங்காதீர்கள். ‘எடர்னல்’ லீடை எடுத்து, டிஸ்டார்ஷன் இல்லாமல், ஒற்றைத் தந்தியில் மெதுவாக வாசியுங்கள். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு விரலைத் தூக்காமல் சறுக்கிப் போங்கள். அது பேசத் தொடங்கியபிறகு டிஸ்டார்ஷன் வையுங்கள், அதையும் நீங்கள் நினைப்பதில் பாதி அளவுக்கு. இரண்டாவது ஆள் ஒருவர் கீழே ச-ப பிடித்தால் நல்லது. நல்ல சுருதிப்பெட்டி ஆப் ஒன்றை ஓடவிட்டு அதன்மேல் வாசித்துப் பார்த்திருக்கிறேன், அதுவே போதுமானதாக இருந்தது.

உறுமல் பழகுவதாக இருந்தால் தொண்டையை நெரித்துக் கத்தாதீர்கள். வயிற்றிலிருந்து மூச்சு, தொண்டை தளர்வாக. வலித்தால் முறை தப்பு என்று பொருள், நிறுத்திவிடுங்கள்.

இது பிடிச்சுப் போச்சு. அடுத்து?

பீஸ்வில் நிறுவனத்திலேயே இன்னும் இரண்டு குழுக்கள் இருந்தன. மூன்றையும் சேர்த்து ‘பீஸ்வில் மூவர்’ என்பார்கள். பிராட்ஃபோர்டைச் சேர்ந்த மை டையிங் பிரைட் குழுவின் 1993 ஆல்பம் ‘டர்ன் லூஸ் த ஸ்வான்ஸ்’ இன்னும் மெதுவானது, வயலின் உண்டு. நம்மூர்க் காதுக்கு வயலின் இருப்பதால் நுழைவது சுலபம் என்று நினைக்கிறேன். லிவர்பூலின் அனதீமா 1995இல் ‘த சைலன்ட் எனிக்மா’ போட்டது. பின்னாளில் உறுமலையெல்லாம் விட்டு வேறு எங்கோ போனார்கள். பெண் குரல் பிடித்தவர்களுக்கு நெதர்லாந்தின் த கேதரிங், 1995 ஆல்பம் ‘மாண்டிலியான்’. அதில் உறுமலே இல்லை. சிரிப்பும் கலந்த இருட்டு வேண்டுமென்றால் அமெரிக்காவின் டைப் ஓ நெகட்டிவ், 1993இல் வந்த ‘பிளடி கிஸ்ஸஸ்’.

நம்ம பக்கம் இந்த இசை செய்யறவங்க இருக்காங்களா?

பெங்களூரில் டையிங் எம்ப்ரேஸ் என்ற குழு 90களிலேயே டெத்-டூம் வாசித்தது. அதே ஊரில் பெவர் சீ டூம் பக்கம் சாய்ந்தது. 2012 முதல் நடக்கும் பெங்களூர் ஓபன் ஏர் மெட்டல் விழாவுக்குக் கோவையிலிருந்து ராத்திரி பஸ் ஏறிப் போகிறவர்கள் உண்டு. கறுப்பு டி-ஷர்ட்டோடு நாலைந்து பேர் பஸ்ஸில் இருந்தால் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், கொங்குத் தமிழில்தான் பதில் வரும்.

வீட்டுல சத்தமா வெச்சா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?

சொல்லுவார்கள். என் அமுச்சி ஒருமுறை கதவருகே நின்று ‘எடர்னல்’ முழுவதையும் கேட்டுவிட்டு, ‘ஏஞ்சாமி, அந்தப் புள்ள நல்லாத்தான் அழுகுது, கூட இருக்கறவன் எதுக்கு அதை வையறான்?’ என்று கேட்டார். ஹெட்போன் வாங்கிவிடுங்கள்.